பழுது என்று ஒட்டிய டாக்

அந்த அலுவலகத்தில் அவளை டாக்டரம்மா என்பார்கள். வைத்தியத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேசைகளின் மேல் இருக்கும் டாக்குகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. டாக்கைப் பார்க்கிறவள் டாக்டர்தானே என்று வாய்க்கொழுப்பு பிடித்த ஒருவன் ஆரம்பித்து வைத்தான், ஒட்டிக்கொண்டது. அவன் வேலையை விட்டுப் போய்ப் பல காலமாகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

டாக் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி. மடிக்கணினியோடு வருகிறவர் அதிலிருந்து நீளும் ஒற்றை வயரைச் செருகினால் போதும். பெரிய திரை, கீபோர்டு, நெட், சார்ஜ் எல்லாம் கிடைத்துவிடும். அலுவலகமோ மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அலுவலகம். ஆஸ்பத்திரி பில், டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனை என்று முன்பின் தெரியாதவர்களின் நோய் முழுக்க ஸ்கேன் செய்யப்பட்டு அங்கே வந்து குவியும். ஒருவருடைய மூலநோய் இன்னொருவர் வாயில் விழுந்து அவலாகிவிடக் கூடாது. அதனால் யார் எங்கே செருகுகிறார்கள் என்பது அங்கே உயிர்நாடியான விஷயம்.

மேசைகளைவிட ஆட்கள் அதிகம். எல்லாரும் எல்லா நாளும் வருவதில்லை, எதற்கு வெட்டியாக மேசை என்று நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்து பாதிக்குப் பாதி தூக்கிவிட்டார்கள். அதன்பின் முதல் சில வாரங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. படித்தவர்கள், பெரிய மனிதர்கள், பேருந்தில் துண்டு போடுகிற மாதிரி நாற்காலியில் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் போட்டோவை மேசையில் ஒட்டிவைத்து, பிள்ளை முகத்தைப் பார்த்து யாருக்கு எழுப்ப மனசு வரும் என்று காத்திருந்தாள். எழுப்பினார்கள்.

அந்தக் கூத்தையெல்லாம் அடக்கி ஒழுங்குக்குக் கொண்டுவந்தவள் இவள்தான். முதல்நாள் மாலையே போனில் உள்ள ஆப்பில் இடம் கேட்டு வைக்க வேண்டும். காலையில் வந்து செருகாமல் அரைமணி போனால் இடம் அடுத்தவருக்கு. ஒரே இடம் ஒருவருக்கு அடுத்தடுத்த நாள் கிடையாது. டாக்கில் போன், மின்விசிறி, காபிக் கோப்பையைச் சூடாக்கும் தட்டு என்று எதையும் செருகக் கூடாது. அதற்கான துளைகளை மூடி போட்டுத் திருகி வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாடத்தை வாய் ஓயாமல் சொல்வாள்.

"பெட்டியை நம்பாதீங்க. பெட்டியில யார் செருகறாங்கன்னு கேளுங்க."

நெட்டும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. டாக்கில் ஒரு கணினி செருகப்பட்டதும் நீ யார் என்று அந்தக் கணினியைக் கேட்கும். அலுவலகக் கணினியாக இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் இல்லை. பிரிண்டர், கூட்ட அறையின் டிவி மாதிரி வாய் பேசத் தெரியாத சாமான்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அவற்றின் எண்ணை ஒருமுறை பதிந்துவிட்டால் அப்புறம் கேள்வியே கிடையாது.

நாளில் பாதி நேரம் அவள் மேசைகளுக்கு அடியில்தான் இருப்பாள். டார்ச்சும் சின்னத் திருப்புளியும், ஏசிக் குளிருக்கு ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரும். தேய்ந்த வயரை மாற்றுவாள், தளர்ந்ததை இறுக்குவாள், கண்ட இடத்தில் செருகியிருக்கும் போனைப் பிடுங்கி உரியவர் மடியில் போடுவாள். அடியிலிருந்தபடியே செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்வாள். முதுகு போய்விட்டது, முழங்கால் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு வயர் அசையாது என்ற கர்வம் அவளுக்கு இருந்தது, அதை மறைக்கவும் மாட்டாள்.

அவளுடைய தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவு. அவனுக்கும் பட்டப்பெயர் உண்டு: கழுகு. அடித்துத் திருத்திய தேதி, ஒன்றை ஏழாக்கிய பில், இரண்டு ஆஸ்பத்திரிக்கும் ஒரே கையெழுத்து என்று எதுவும் அவனிடம் தப்பாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான் என்று மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் அவர்களும் "கழுகுகிட்ட காட்டு" என்பார்கள். அப்படி யாராவது கூப்பிட்டால் அன்று முழுக்க அவன் கால் தரையில் பாவாது.

அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் அவள் தம்பியைக் காட்டுவாள், அவன் அக்காவைக் காட்டுவான். உண்மைக் காரணம் வீட்டு ஜன்னலோரம் கிடந்த ஒரு மர நாற்காலி. அவர்களுடைய அப்பா நாற்பது வயதுக்குள் பார்வை போய், மிச்ச ஆயுள் முழுவதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கழித்தார். திட்டுவதற்கு மட்டும் எழுந்து நிற்பார். நோய் பரம்பரையாக வருவது, இந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தப்பித்தாள். தப்பித்த குற்றம் அவளை விடவில்லை.

தம்பிக்கு முதலில் படிக்கட்டின் கடைசிப் படி காணாமல் போயிற்று. பிறகு பக்கத்தில் நிற்பவர்கள் காணாமல் போனார்கள். அதன்பின் எழுத்து. மடிக்கணினித் திரையில் எழுத்துகள் கலங்கிய தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருக்கிறது என்றான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வைத்து அக்காவின் கையைப் பிடித்தான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொன்னாத்தான் என்னடா? பெரிய ஸ்க்ரீன் கேட்கலாம்."

"மணிக்கட்டுக்காரருக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தல்ல."

பார்த்தாள்தான். அதே பிரிவில் மணிக்கட்டு வலி என்று ஒருவர் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். பாவம் என்று லேசான வேலை கொடுத்தார்கள். அது மேலும் மேலும் லேசாகிக்கொண்டே போய்க் கடைசியில் வேலையே இல்லாமல் போயிற்று. அப்புறம் ஆட்குறைப்பு வந்தபோது முதல் ஆள் அவர். தம்பி தன் கண் வைத்தியத்துக்குக் காப்பீடுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சீட்டு அவனுடைய பிரிவுக்கே வரும், பக்கத்து நாற்காலிக்காரர் திரையில் திறக்கும். ஊரார் நோயெல்லாம் படிக்கிற இடத்தில் தன் நோயை மறைக்க அவன் கைக்காசைப் போட்டான்.

"சொல்லமாட்டேன்," என்றாள் அவள்.

அலுவலகத்தில் ஒரு மூலை மேசை உண்டு. வடிவமைப்புப் பிரிவு என்று ஒன்று இருந்த காலத்தில் வாங்கிய அகலமான திரை அதில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் படாத இடம். அங்கே எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கி வைத்தால் தம்பிக்குத் தெரிந்தது; நிதானமாக, வரி வரியாக, ஆனால் தெரிந்தது. அவ்வளவு பெரிய திரை அந்தத் தளத்தில் வேறில்லை. ஆனால் ஒரே இடம் ஒருவருக்கு அடுத்தடுத்த நாள் கிடையாது. அந்த விதியைப் போட்டவளே அவள்.

ஒருநாள் காலை எல்லாரும் வருவதற்கு முன்னால் அவள் அந்த மேசையை ஆப்பில் பழுது என்று குறித்தாள். காகிதத்தில் பெரிய எழுத்தில் "பழுது" என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். பழுது என்று குறித்த டாக்குக்கு நெட் தானாகவே அடைபட்டுவிடும். அடைத்ததைத் திறக்க ஒரே வழிதான் இருந்தது. டாக்கின் எண்ணை எடுத்து, பிரிண்டர்கள் இருக்கும் வரிசையில், பிரிண்டர் என்றே பதிந்தாள். அந்த ஒரு மேசையில் யார் என்று கேட்கிற காவல் போய்விட்டது. பெட்டியை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் பெட்டியை நம்பினாள். மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய் டீ குடித்தாள்.

அது ஓடியது. ஓடியது என்பதுதான் கொடுமை. பழுதான மேசையில் கழுகு ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டவர்களிடம் டாக் வேலை செய்யாது, சும்மா திரையை மட்டும் வைத்து மாரடிக்கிறான், என் தம்பி என்பதால் ஓட்டை இடத்தைத் தலையில் கட்டியிருக்கிறேன் என்பாள். சிரிப்பார்கள். பாவம் கழுகு என்பார்கள். அவனுடைய கணக்கு எப்போதும்போல் சுத்தமாக இருந்தது. மற்றவர்கள் ஒரு பார்வையில் தள்ளுவதை அவன் மூன்று முறை பார்த்தான், மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் கண்ணுக்கு ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுப்பான். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அன்றைய வம்பையெல்லாம் சொல்வாள். அந்த நாட்களில் அவர்கள் சந்தோஷமாகக்கூட இருந்தார்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. தம்பிக்குக் கண் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு முழுக்க வெளிச்சம் குத்தும், கிட்டத்தில் எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படு என்று டாக்டர் சொன்னார். அவன் கேட்கவில்லை. முடிக்க வேண்டிய கோரிக்கைகள் சில மிச்சம் இருந்தன, விடுப்பு எடுத்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். சுவரைத் தடவிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகம் வந்து சேர்ந்தான். அவன் வீட்டில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் மாடியில் ஒரு வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் அலுவலகத்தின் பாதுகாப்பைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு தணிக்கைக்காரப் பெண் வந்திருந்தாள். மேனேஜர் ஒருவருக்குத்தான் தெரியும். வருகையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு, தன் சொந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு, மேசை மேசையாகச் செருகிப் பார்த்தாள். எங்கேயும் கதவு திறக்கவில்லை. கடைசியில் மூலைக்கு வந்தாள். பழுது என்று ஒட்டியிருக்கும் இடத்தைத்தான் தணிக்கைக்காரர்கள் விடமாட்டார்களாம். செருகினாள். திறந்தது. எந்தச் சுவர்த் துளையில் இது போய்ச் சேருகிறது என்று பார்க்க மேசைக்கு அடியில் குனிந்தாள்.

தம்பி பார்த்தது ஒரு குனிந்த முதுகு. குளிருக்கு அவளும் ஏதோ சாம்பல் நிறத்தில் போட்டிருந்தாள். அந்த மேசைக்கு அடியில் அந்த நிறத்தில் ஒரு முதுகு என்றால் அவனுக்கு உலகத்தில் ஒரே ஆள்தான்.

"அக்கா," என்றான் தணிந்த குரலில். "யாரும் பார்க்கலையே?"

முதுகு அசையவில்லை.

"டாக் திறந்துதானே இருக்கு? எல்லாரும் சாப்பிட்டு வர்றதுக்குள்ள அந்த ஃபைலையெல்லாம் முடிச்சுட்டுப் போயிடறேன். கேட்டா நான் இன்னிக்கு வரவே இல்லன்னு சொல்லிடு."

"திறந்துதான் இருக்கு," என்றது ஒரு குரல். அது அக்காவின் குரல் இல்லை.

அவன் பிறகு சொல்லித்தான் அவளுக்கு இதெல்லாம் தெரியும். அப்போது அவளுக்குத் தெரிந்தது, யாரோ ஓடிவந்து மேனேஜர் கூப்பிடுகிறார் என்றதும், கண்ணாடி அறைக்கு வெளியே நாற்காலியில் வீட்டில் இருக்க வேண்டிய தம்பி உட்கார்ந்திருந்ததும்தான். விரிந்துபோன கறுப்புக் கண்களோடு விளக்குக்குக் கையை மறைவாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் அவளைவிட வயதில் சின்னவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உட்காருங்க மேடம். அந்த மூலை டாக் ஏன் பிரிண்டர்னு பதிஞ்சிருக்கு?"

"மறந்துட்டேன் சார். சோதனைக்குப் பதிஞ்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"உங்களுக்கா மறந்துது?"

இத்தனை நாள் கட்டிக்காத்த நல்ல பெயர் இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. தணிக்கைக்காரப் பெண் தம்பி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, நேற்றைய வெயில் எப்படி இருந்தது என்பதைச் சொல்வதுபோல் சொன்னாள். யாரும் பார்க்கலையே. எல்லாரும் சாப்பிட்டு வர்றதுக்குள்ள. வரவே இல்லன்னு சொல்லிடு.

"கேள்வி கேட்காத ஒரு டாக்," என்றார் மேனேஜர். "அதுல ஒரே ஆள், தினமும். பேஷண்ட் ஃபைல் வெளியில போகுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. நானும் அதைத்தான் நினைக்கணும். போலீஸ்ல கொடுக்காம இருக்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு."

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல சார்."

"அப்ப எப்படிப்பட்டவர்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி அவர்கள் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பினான். அவள் இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்தான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பிடித்த அவனுடைய கையின் அழுத்தம் இன்னும் அவள் விரல்களில் இருந்தது. திருடன் என்று சொல்லவிடுவதா, சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறுவதா. வாக்கை மீறினாள். ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள்: அப்பா, படிக்கட்டு, கலங்கிய தண்ணீர், பெரிய திரை, எல்லாம்.

தணிக்கைக்காரப் பெண் தன் கணினியை மூடினாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் மேனேஜர். "ஒரு பெரிய ஸ்க்ரீன்தானே. கொடுத்திருப்போமே."

கொடுத்திருப்பார்களா? மணிக்கட்டுக்காரருக்குக் கொடுத்த மாதிரியா? அவளுக்குத் தெரியவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கொடுத்திருப்போமே என்று சொல்வதற்கு எவருக்கும் ஒரு பைசா செலவில்லை. ஆனால் கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு அந்த நிமிஷமே அவளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். அப்புறம் மெதுவாக, தன்னைத் தானே கேட்பதுபோல் கேட்டார்.

"அப்போ, இத்தனை நாளா அவர் பார்த்து பாஸ் பண்ணின ஃபைலெல்லாம்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், அவன் ஒரு தப்பு விட்டதில்ல. யாரை வேணும்னாலும் கேளுங்க. அவனுக்கு கழுகுன்னே பேரு."

"தெரியும் மேடம். ஆனா பார்வை இல்லாதவர் பார்த்ததுன்னு இப்ப எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் சும்மா விட முடியாதே. எல்லாத்தையும் மறுபடி பார்க்கணும்."

வெளியே வந்தாள். தம்பி காலடிச் சத்தத்தை வைத்து எழுந்தான்.

"என்னக்கா சொன்ன?"

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"திருடன்னு அனுப்பியிருந்தா கோபமா அனுப்பியிருப்பாங்க," என்றான். "இப்ப பாவம்னு அனுப்புவாங்க."

அப்படியேதான் அனுப்பினார்கள். மேனேஜர் அவன் தோளில் கை வைத்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவனோடு வேலை பார்த்தவர்கள் வரிசையாக வந்து, காது கேட்காதவனிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்கள். அந்தப் பிள்ளை போட்டோக்காரி அழுதுகூட விட்டாள். தெருவைக் கடக்கும்போது அவன் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு முன்னால் தெருவில் ஒருநாளும் பிடித்தவனில்லை, யாராவது பார்த்துவிடுவார்களே என்று.

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுப்பார்கள் என்று தயாராக இருந்தவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒரு டாக்கைத் தவிர மற்றதெல்லாம் முதல்தரம், இப்படிக் கட்டிக்காத்த இடத்தைப் பார்த்ததில்லை என்று தணிக்கைக்காரப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இனிமேல் எந்த எண்ணைப் பதிவதென்றாலும் நீக்குவதென்றாலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு புது விதி போட்டு, அதை நடத்துகிற பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார்கள். அந்த விதியின் கீழ் முதல் வேலை, தம்பியின் கணினியை அலுவலகக் கணினிகளின் வரிசையிலிருந்து நீக்குவது. அவளே நீக்கினாள். "நிச்சயமாக நீக்கவா?" என்று திரை கேட்டது. அவள் வேலையிடத்தில் அழுதது அன்று ஒருமுறைதான், அதுவும் மேசைக்கு அடியில். சுற்றிலும் செருப்புகள் போய் வந்துகொண்டிருந்தன.

மூலை மேசையில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தாள். டாக்குக்குப் பழைய காவலைத் திரும்பப் போட்டு, ஆப்பில் திறந்துவிட்டாள். மறுநாள் காலையிலேயே ஒருவன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டான். அவன் எழுத்தைச் சின்னதாக்கினான், பின்னணியை வெள்ளையாக்கினான். திரையில் பாதிக்குக் கோரிக்கையும் மீதிக்கு ஏதோ பந்தாட்டமும் ஓடியது. "செம இடம் டாக்டரம்மா, இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, புதுசு. அவனைத் திட்டி என்ன பயன்.

தம்பி பார்த்த கோரிக்கைகளை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்கள். ஏற்கெனவே கழுத்துவரை வேலை, இதில் இது வேறா என்று முணுமுணுப்பு. அவள் காதுபடவே பேசினார்கள், பிறகு அவள் இருப்பது தெரிந்து வாயை மூடிக்கொண்டார்கள். அவள் தினமும் பயந்து பயந்து கேட்டாள். ஏதாவது அகப்பட்டதா? ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் ஒன்றுமில்லை. முழுக்கப் பார்த்து முடித்தார்கள். ஒரு தேதி, ஒரு கையெழுத்து, ஒரு காசு தப்பாகப் போயிருக்கவில்லை. அதைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதவில்லை. வேலை முடிந்தது என்று கேன்டீனுக்குப் போனார்கள்.

அன்று மாலை படியேறும்போது, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவளுக்கு முழங்கால் வலி தெரியவில்லை. கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். தம்பி ஜன்னலோரத்து நாற்காலியில் இருந்தான். முதலில் அவன் அதில் உட்காரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தான். ஆனால் வீட்டில் கைப்பிடி உள்ள நாற்காலி அது ஒன்றுதான், கைப்பிடி இல்லாமல் எழுவது இப்போது கஷ்டமாக இருந்தது.

"எல்லாத்தையும் பார்த்து முடிச்சுட்டாங்கடா. ஒரு தப்பு இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல."

அவன் சிரித்தான்.

"நல்லா சொல்ற."

"நிஜமாத்தான்டா சொல்றேன்."

"பழுதான டாக்குன்னு ஒரு வருஷம் ஊரையே நம்ப வெச்சவ நீ. எனக்காக என்ன வேணும்னாலும் சொல்லுவ. விடுக்கா."

"அவங்களையே போன் பண்ணிக் கேளு."

"கேட்டா என்ன சொல்லுவாங்க? பாவம்னு அவங்களும் இதையேதான் சொல்லுவாங்க."

அவள் மேலும் இரண்டு முறை சொன்னாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது இன்னும் கொஞ்சம் பொய் மாதிரி ஒலித்தது. கடைசியில் அவளுக்கே சலித்துப்போயிற்று. செருப்பைக் கழற்றி, அவன் கால் இடறாதபடி சுவரோரம் வைத்தாள். டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து அவன் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தாள். உண்மையை நிரூபிக்க அவளிடம் வேறொன்றும் இல்லை.

அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அந்த மூலை மேசை யாருக்குப் போச்சு?"

காலையில் அந்தப் புதுப்பையன் நாற்காலியில் சுழன்றுகொண்டிருந்தது அவள் கண்முன் வந்தது.

"யாருக்கும் போகல. பழுதுன்னுதான் கிடக்கு."

"காகிதம்?"

"அப்படியே ஒட்டியிருக்கு."

தம்பி தலையை ஆட்டினான். அவன் முகம் தெளிந்தது. பல நாளாக அப்படித் தெளிந்து அவள் பார்க்கவில்லை. இதை நம்பிவிட்டான். அவள் அவனுக்கு எதிரே நின்று, கண்ணைத் துடைக்காமல், முகத்தை மாற்றிக்கொள்ளாமல், அழுதுகொண்டே நின்றாள். அவனுக்குப் பார்வை இல்லாதது எவ்வளவு சௌகரியம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவளால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

"சாப்பிடலாமா?" என்று கேட்டாள். குரல் சரியாகத்தான் வந்தது.